கண்ணப்பருக்குப் பிறகு வேடர் எங்கே போனார்கள்?

இங்கே வன்னியில் ஒரு பிள்ளை வேடரை முதன்முதலில் சந்திப்பது சைவநெறிப் பாடத்தில்தான். திண்ணனார் வருவார். வாயில் தண்ணீர் கொண்டுவந்து சிவலிங்கத்தை நீராட்டுவார், பன்றி இறைச்சியைத் தானே ருசி பார்த்துப் படைப்பார், கண்ணைத் தோண்டி அப்புவார், கண்ணப்ப நாயனார் ஆகிவிடுவார். மணி அடிக்கும். அடுத்தது வள்ளி. வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த பெண், தினைப்புனம், கிழவனாக வரும் முருகன், யானை, கல்யாணம். அதற்கும் மணி அடிக்கும். பிறகு வரலாற்றுப் பாடத்தில் குவேனி. விஜயன் கரையிறங்கும்போது அவள் நூல் நூற்றுக்கொண்டிருப்பாள். பாண்டி நாட்டிலிருந்து இளவரசி வந்ததும் அவளைத் துரத்திவிடுவார்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மலைநாட்டுக்கு ஓடிப்போக, அவர்கள் வழியில் புலிந்தர் வந்தார்கள் என்று சொல்லிவிட்டு மகாவம்சம் அடுத்த அரசனுக்குப் போய்விடும்.

மூன்று கதையிலும் ஒரே ஒழுங்கு. வேடர் வருவார்கள், வேறு யாருடையவோ கதையைத் தொடக்கிக் கொடுப்பார்கள், பிறகு ஆளைக் காணக் கிடைக்காது. அதனால்தான் தரம் எட்டுக்கு வந்த பிள்ளைகூட வலு நிதானமாகக் கேட்கிறது: "அவையள் இப்ப இல்லைத்தானே டீச்சர்?"

இருக்கிறார்கள். மகியங்கனைக்குப் பக்கத்தில் தம்பானையில் இருக்கிறார்கள். பொல்லேபெத்தவில், ஹெனானிகலவில் இருக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் கிட்ட, வாகரை, வெருகல், ஈச்சிலம்பற்று என்று கிழக்குக் கரையோரம் முழுக்கத் தமிழ் பேசிக்கொண்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்து கரையைப் பிடித்துத் தெற்கே நடந்தால் எத்தனையோ கோயில் கடந்து அவர்கள் ஊருக்கே போய்விடலாம். உண்மையில் அப்படி நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பதிவு ஒரு ஆசிரியையின் பதிவு. வேடரை, அதாவது ஆதிவாசிகளைப் பற்றி வன்னிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் விசயம். வில், அம்பு, கோவணம், தேன் என்று தொடங்கினால் பாடம் அங்கேயே படுத்துவிடும் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை படத்தைப் பார்க்கும், சிரிக்கும், கீறும், வர்ணம் தீட்டும். அத்தோடு சரி. காணியிலிருந்து தொடங்கினால் கதை வேறு. எல்லைக்கல், பெர்மிற், இடப்பெயர்வு, "இது உங்கட காணி எண்டதுக்கு என்ன ஆதாரம்?" இதில் எதையும் வன்னிப் பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொழும்புப் பிள்ளைக்கு அரைநாள் விளக்கவேண்டியது இங்கே வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக் கதை.

அதற்கு முதல் ஒரு சின்னத் துப்புரவு வேலை இருக்கிறது. "வேடன்" என்பது எங்கள் வகுப்பறைகளில் வசவு. தலை இழுக்காமல் வந்தவனைச் சொல்வார்கள், சாப்பாட்டை அள்ளி விழுங்குகிறவனைச் சொல்வார்கள். நான் அதைத் தடுத்துப் பிரசங்கம் வைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போய்வந்த பிள்ளையை எழுப்பி, அங்கே உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டவை என்று கேட்பேன். "காட்டார்" என்று பதில் வரும். சில பிள்ளைகள் அதைச் சொல்லும்போது சிரிக்கும், சில பிள்ளைகள் சிரிக்காது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அந்த வசவு கொஞ்ச நாளைக்காவது குறைந்திருக்கும். முழுதாக நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

இனி இரணைமடு. எங்கள் பிள்ளைகளுக்கு அது குளம். வான் பாய்ந்தால் பார்க்கப் போவோம், மீன் வாங்குவோம், யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று சண்டை பிடிப்போம். ஆனால் உலகத்தில் எங்கேயோ இருக்கும் தொல்லியல் மாணவனுக்கு இரணைமடு என்றால் குளமே ஞாபகம் வராது. செம்மண்ணும் அதற்குக் கீழே கிடக்கும் பரல்களும் சேர்ந்த ஒரு மண்படிவத்துக்கு "இரணைமடுப் படிவம்" என்று பெயர். அந்தப் பரலுக்குள் கற்கருவிகள் இருக்கின்றன. சிரான் தெரணியகல அவற்றில் பழையவை ஏறத்தாழ 1,25,000 ஆண்டுக்கு முற்பட்டவை என்று கணித்தார். விஜயன் வந்ததாகச் சொல்லப்படுவது 2,500 ஆண்டுக்கு முன். கரும்பலகையில் ஒரு கோடு கீறி, ஒரு முனையில் இரணைமடுக் கல்லையும் மறு முனையில் எங்கள் வகுப்பையும் வைத்து, விஜயனை எங்கே வைக்கலாம் என்று கேட்டால் போதும். வெண்கட்டி கடைசி அங்குலத்துக்குள் நசிபடும். அந்தக் கருவிகளைச் செய்தவர்கள்தான் இன்றைய வேடர் என்று நேர்கோடு இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. எங்கள் எல்லோருக்கும் முதலே இங்கே ஆள் நடமாட்டம் இருந்தது என்ற அளவோடு விட்டுவிடுவேன். அந்தப் பாடவேளைக்கு அது போதும்.

அடுத்த பாடவேளைக்குத்தான் எனக்கு ஆசை. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பற்காரன் 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, கிட்டத்தட்ட இருபது ஆண்டு இந்தத் தீவில் கைதியாகக் கிடந்து, 1679இல் அநுராதபுரம் வழியாக மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு அரிப்புக்குத் தப்பி ஓடினவன். எங்கள் வன்னியின் ஓரத்தால்தான் போயிருக்கிறான். 1681இல் லண்டனில் வந்த அவன் புத்தகத்தில் வேடரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அம்பு முனை வேண்டுமென்றால் அவர்கள் பகலில் வந்து கொல்லனோடு கதைப்பதில்லையாம். ராவில் வந்து, ஒரு ஆள் சுமக்கக்கூடிய இறைச்சியைப் பட்டறையில் கட்டித் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் ஒரு இலையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதே வடிவத்தில் செய்து வைத்தால் மறுபடியும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால் ஒரு ராவில் அவனுக்கு அம்பு வரும்.

இதை வாசித்துக் காட்டிவிட்டு, முற்றத்துப் பூவரசில் ஆளுக்கு ஒரு இலை பறித்துவரச் சொன்னேன். கத்தரிக்கோல் நாலைந்துதான் இருந்தது, மிச்சம் பிளேட்டும் நகமும். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. வகுப்பில் பாதி வேடர், பாதி கொல்லர். இலையை மட்டும் மேசையில் வைக்கலாம். கொல்லன் கடதாசியில் அதே வடிவத்தை வெட்டிக் கொடுக்கவேண்டும். பொதுவாகக் குருவிக் கூட்டம் மாதிரி இரையும் அந்த வகுப்பு அன்றைக்குப் பதினைந்து நிமிசம் மூச்சுக் காட்டவில்லை. ஒரு பெடியன் அம்பு முனைக்குப் பதிலாக மண்வெட்டி அலகை வெட்டி வைத்தான். "வேடனுக்கு ஏனடா மண்வெட்டி?" என்று பக்கத்தில் இருந்தவன் விதியை மீறிக் கத்திவிட்டான். "சேனை செய்யிறவை எண்டு டீச்சர்தானே சொன்னவா" என்று இவன். சரியான பதில். வேட்டையோடு சேனைப் பயிரும் செய்தவர்கள், செய்கிறவர்கள்.

கடைசி மேசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. "அவை கதைக்கத் தெரியாமலோ கதைக்கேல்லை, அல்லது விருப்பமில்லாமலோ?" நல்ல கேள்வி. நொக்ஸுக்கு அது தெரியாது, எழுதவும் இல்லை. அவன் கேட்டது கொல்லன் பக்கத்துக் கதை மட்டும். பட்டறைக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருந்து பார்த்தால் இதே கதை எப்படி இருக்கும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். வந்த கட்டுரைகளில் பாதியில் வேடருக்குக் கொல்லனைக் கண்டு பயம். "பகலில போனா அரசனுக்குச் சொல்லிக் குடுத்திடுவினம்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. செக்பொயின்ற்களுக்கு நடுவே பிள்ளை வளர்த்த வீட்டிலிருந்து வந்த கட்டுரை அது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் காணி.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வேடர் வாழ்ந்த நிலத்தின் ஒரு பெரிய பகுதியைத் தண்ணீருக்கும் குடியேற்றத்துக்கும் எடுத்தது. பிறகு மகாவலி அபிவிருத்தித் திட்டம் வந்தது. 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா என்று வர்த்தமானியில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் பரம்பரை பரம்பரையாக வேட்டையாடி, தேன் எடுத்து, சேனை வெட்டிச் சீவித்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். பெரும்பாலானவர்களை ஹெனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு ஏற்றினார்கள். ஆளுக்கு வயல் கொடுத்தார்கள். தம்பானைத் தலைவர் திஸாஹாமி சில குடும்பங்களோடு போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். 1998இல் அவர் இறந்தபின் மகன் ஊருவரிகே வன்னிலா எத்தோ தலைவரானார். காடு பறிபோனது அதோடு நிற்கவில்லை. 2020இல் பொல்லேபெத்த, ரம்பக்கன் ஓயாப் பகுதியில் சோளச் செய்கைக்குக் காடு வெட்டுவதை எதிர்த்து அவர் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. தேசியப் பூங்காவுக்குள் தேன் எடுத்தால் குற்றம், பூங்காவுக்கு வெளியே கம்பனி காடு அழித்தால் அபிவிருத்தி. இதை நான் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வதில்லை. இரண்டு செய்தியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு வெண்கட்டியை வைத்துவிடுவேன்.

மகாவலி என்ற சொல் வந்த உடனேயே கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் நிமிர்ந்தான். "எங்கட காணிக்கும் மகாவலி எண்டுதானே சொல்லுகினம்?" ஆம். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனத்தை இராணுவம் துரத்தியது. அந்தப் பக்கம் பிறகு மகாவலி "எல்" வலயம் ஆனது. மகாவலித் தண்ணீர் ஒரு சொட்டும் அந்த வயலுக்கு வரவில்லை, மகாவலி அதிகாரசபை மட்டும் வந்தது. போர் முடிந்து சனம் திரும்பிப் போனபோது, இருபத்தைந்து வருசம் உழாத வயலில் மரம் வளர்ந்திருந்தது. மரம் வளர்ந்தால் அது காடு, காடு என்றால் அது வனத் திணைக்களத்தினது என்று எல்லைக்கல் போட்டார்கள். முல்லைத்தீவில் எந்தப் பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கல்லுக் கதை இல்லாமல் தேநீர் வராது.

வகுப்பு இப்போது சூடாகிவிடும். "அப்ப அவையும் நாங்களும் ஒண்டுதான்" என்று யாராவது முடிவு சொல்லும். இந்த இடத்தில்தான் ஆசிரியர் அவசரப்படக்கூடாது என்று நினைக்கிறேன். ஒன்று இல்லை. எங்களிடம் உறுதி இருந்தது, குறைந்தபட்சம் ஒரு பெர்மிற், ஒரு கோயில் கணக்கு, வெளிநாட்டில் ஒரு மாமா. அவர்களுக்குக் கடதாசியே இருந்ததில்லை. எங்கள் மொழிக்கு இரண்டு கரையிலும் அச்சகம் இருக்கிறது. தம்பானைச் சிறுவன் பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படிக்கிறான், வாகரைச் சிறுவன் தமிழில் படிக்கிறான், வீட்டு மொழி கிழவர்களோடு போகிறது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல எனக்கே நாக்குக் கூசும். கிழக்குக் கரையில் வேடருக்கு மேலே உட்கார்ந்திருப்பது அரசாங்கம் மட்டும் இல்லை. பக்கத்துத் தமிழ் ஊர். கோயிலில் யார் எங்கே நிற்பது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது, கூலிக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் எங்கள் ஆட்கள் தீர்மானித்ததுதான். இந்தக் கதையில் நாங்கள் பாதிக்கப்பட்ட கதிரையில் மட்டும் இருந்து எழும்பிப் போகமுடியாது. 2006, 2007 வாகரைச் சண்டையில் காட்டுக்குள்ளாலும் கடற்கரையாலும் ஓடியவர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்தச் செய்திகளில் அவர்களை "வாகரை மக்கள்" என்றுதான் எழுதினோம்.

எண்ணிக்கைக்கு ஒரு பாடவேளை ஒதுக்கலாம். 1911 குடிசன மதிப்பில் இலங்கை முழுக்க வேடர் 5,332 பேர். 1946இல் 2,361. 1953இல் 803. 1963இல் 400. அதற்குப் பிறகு தனி நிரலே இல்லாமல் "ஏனையோர்" என்பதற்குள் போய்விட்டார்கள். பிள்ளைகளிடம் வரைபு கீறக் கொடுங்கள். முதலில் எல்லோரும் "செத்துப் போச்சினம்" என்பார்கள். ஏழே வருசத்தில் 1,500 பேர் சாக என்ன நடந்திருக்கவேண்டும், பெரிய போரா, கொள்ளை நோயா, பத்திரிகையில் வந்திருக்காதா என்று திருப்பிக் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கண்டுபிடிக்கும்: ஆள் சாகவில்லை, படிவம் நிரப்பினவர் வேறு பெட்டியில் புள்ளடி போட்டிருக்கிறார். சிங்களக் கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் சிங்களவர் ஆனார், தமிழ்க் கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் தமிழர் ஆனார். எண்களை நம்பாதே என்று நான் சொல்லிக் கொடுப்பதைவிட இது நல்லாய் உறைக்கும்.

"டீச்சர், நாங்க எந்தப் பெட்டி?" என்று அன்றைக்கு ஒரு பிள்ளை கேட்டது. அந்தப் பிள்ளையின் தாத்தா ஆட்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். வன்னியில் ஒரு வகுப்பை எடுத்தால் இப்படிக் குடும்பங்கள் இல்லாத வகுப்பே கிடையாது. "பூர்வகுடி" என்று பலகையில் எழுதின உடனே அந்தப் பிள்ளைகளின் முகம் சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன். யார் முதல் வந்தது என்ற போட்டியாக இந்தப் பாடத்தை நடத்தினால் இரண்டு நட்டம். ஒன்று, அந்தப் பிள்ளைக்கு நிற்க இடமில்லாமல் போகும். மற்றது, இந்த நாட்டில் அந்தப் போட்டி எங்கே போய் முடியும் என்பது, கோயிலா விகாரையா என்று சண்டை மூண்ட குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் எல்லோரும் பார்த்ததுதான். சிங்களப் பக்கமும் தமிழ்ப் பக்கமும் வேடரைத் தங்கள் பாட்டன் என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அந்தப் பாட்டன் இப்போது உயிரோடு இருந்து காடு கேட்கிறார் என்பதை மட்டும் இரண்டு பக்கமும் மறந்துவிடும். 2007 செப்டம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் "பழங்குடி என்றால் யார்" என்று வரைவிலக்கணமே கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒவ்வொரு அரசும் அதை வைத்தே ஆட்களைத் தட்டிக்கழிக்கும் என்று தெரிந்திருந்தது. இலங்கை அதற்கு ஆதரவாகத்தான் வாக்களித்தது. எதிர்த்தவை நாலு நாடுகள்: அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. பிறகு நாலும் மனம் மாறின.

கனடா என்றதும் வகுப்பில் உயிர் வரும். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு ஸ்காபுறோவில் ஒரு சித்தி. அங்கேயுள்ள மச்சான் மச்சாள்மார் செப்டம்பர் 30ஆம் திகதி செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன படம் வட்ஸ்அப்பில் வரும். அது ஏன் என்று கேட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது, அங்கே பிள்ளைக்குத் தெரியும். பிலிஸ் வெப்ஸ்ரட் என்ற பெண்ணுக்கு 1973இல் ஆறு வயது. பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். முதல் நாளே கழற்றி எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவே இல்லை. பிள்ளையைத் தாயிடமிருந்தும் மொழியிடமிருந்தும் பிரிப்பதற்கென்றே நடத்தின பள்ளிகள் அவை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் பள்ளிப் பாடமும் ஒன்று. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023-24 கல்வியாண்டிலிருந்து பழங்குடிகள் சார்ந்த பாடம் ஒன்றைப் படிக்காமல் உயர்தரப் பள்ளி முடிக்க முடியாது.

எனக்கு இதில் ஒரு விசித்திரம் படுகிறது. முல்லைத்தீவிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளைக்கு ரொறன்ரோவில் யாருடைய நிலத்தில் தன் பள்ளிக்கூடம் நிற்கிறது என்று சொல்லத் தெரியும். வாகரையில் யார் இருக்கிறார்கள் என்று அதன் அப்பாவுக்கே தெரியாது. குறை சொல்லவில்லை. அப்பா படித்தது எங்கள் பாடப் புத்தகம்.

மண்டையோட்டுக் கதையைச் சொல்வதா விடுவதா என்று நான் கனகாலம் யோசித்தேன். காலனிக் காலத்தில் வெள்ளைக்கார விஞ்ஞானிகளுக்கு வேடரின் எலும்பில் பெரிய மோகம். அளப்பதற்கென்று தோண்டிக் கொண்டுபோனார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்பது மண்டையோடுகள் இருந்தன. 2019 நவம்பரில் வன்னிலா எத்தோ தோளில் கோடரியோடு அங்கே போய் அவற்றைப் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகம் முறையாக ஒரு வைபவம் வைத்து ஒப்படைத்தது. இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பு முழுக்க அமைதி. நடுவரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது, "கேட்ட உடன குடுத்தவையளா?"

கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கின போராட்டக் கொட்டிலைத் தாண்டித்தான் இந்தப் பிள்ளைகள் பலர் வளர்ந்தார்கள். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போது மனித எலும்பு வந்ததும் அவர்களுக்குத் தெரியும். நான் உடன கொடுக்கவில்லை என்றேன், நூறு வருசத்துக்கு மேல் சென்றது என்றேன். அதற்கு மேல் விளக்கம் வைக்கவில்லை. பாடத்தை விட்டு எங்கோ போய்விட்டேன் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆதிவாசித் தலைவர் அன்றைக்குத்தான் ஒரு ஆளாகத் தெரிந்தார், தன் ஆட்களின் எலும்பைக் கேட்டுப் போன ஒரு ஆள்.

சுற்றுலாவுக்குத் தம்பானை கூட்டிக்கொண்டு போகலாமே என்று அதிபர் கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். பஸ் காசு ஒரு பக்கம் இருக்கட்டும். தம்பானையில் இப்போது வரும் பஸ்களுக்கு ஆடிக் காட்டுவது ஒரு தொழில். அவர்களுக்கு அது சோறு, நான் குறை சொல்ல முடியாது. ஆனால் காடு பறிபோனவர் காட்டில் இருப்பதுபோல் நடித்துக் காட்ட, எங்கள் பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டு வருவதற்கு இத்தனை பாடவேளையும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் போய்க் கேளுங்கள், வழியில் யார் யாரைக் கண்டீர்கள் என்று. செல்வச்சந்நிதியில் தொடங்கி, வற்றாப்பளைப் பொங்கலைக் கும்பிட்டு, கொக்கிளாய், திருகோணமலை, மூதூர், வெருகல், வாகரை என்று போகும் அந்தப் பாதை கரையோர வேடரின் ஊர்களுக்குள்ளாலேயே போகிறது. போய்ச் சேரும் இடமோ வள்ளியின் ஊர். வள்ளி தங்கள் வீட்டுப் பெண் என்று இன்றைக்கும் சொல்லுகிற சனத்தின் வாசலால், வள்ளியைக் கும்பிட எங்கள் அம்மம்மாமார் நடந்திருக்கிறார்கள்.

பதில்கள் ஒரே மாதிரி வரவில்லை. பலருக்கு ஞாபகம் வெயிலும் கால் கொப்புளமும் உகந்தைக்கு அப்பால் யானைப் பயமும்தான். ஒரு அம்மம்மா சொன்னதைப் பேத்தி அப்படியே எழுதிக்கொண்டு வந்தது. வாகரைப் பக்கம் ஒரு வளவில் ராத் தங்கினார்களாம். மரவள்ளி அவித்துக் கொடுத்தார்களாம், போத்தலில் தேன் கொடுத்து காசு வாங்க மாட்டோம் என்றார்களாம். அந்த வீட்டுக் கிழவர் சடங்கில் கப்பல் தெய்வம் வரும் என்று சொல்ல, இவ கடற்கரைச் சனம் என்று நினைத்தாவாம். "வேடர் எண்டு அவை சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை. தமிழ்தானே கதைச்சவை." 1911இல் செலிக்மன் தம்பதி எழுதின வேடர் பற்றிய பெரிய புத்தகத்தில் கரையோர வேடரின் கப்பல் தெய்வச் சடங்கு வருகிறது. அம்மம்மாவுக்குச் செலிக்மனைத் தெரியாது. அம்மம்மாவின் குறிப்பு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

ஆசிரிய ஆலோசகர் ஒருவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஓ.எல்லுக்கு வருமா மிஸ்?" என்று கேட்டார். வராது. ஆதிவாசிகளுக்குப் பரீட்சையில் கிடைப்பது அதிகம் போனால் ஒரு பல்தேர்வு வினா. அதனால் இதை நான் தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு முன் வரும் அந்த ஆளில்லா வாரத்தில்தான் செய்கிறேன். அந்த நாட்களில் பிள்ளைகள் வருவது கிரிக்கெட்டுக்கு. பாதிப் பேர் வெளியில், பாதிப் பேர் என்னோடு. மழை பெய்தால் முழு வகுப்பும் கிடைக்கும்.

வாகரை, வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் படிப்பிக்கும் ஆசிரியர் யாராவது இதை வாசித்தால் எனக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் வகுப்பும் எங்கள் வகுப்பும் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று யோசனை. கையெழுத்துக் கடிதம்தான், தபாலில். யாரையும் "நீ வேடனா" என்று எங்கள் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. உங்கள் பிள்ளைகள் தாங்களாகச் சொன்னால் சொல்லட்டும். கேள்விகள் இப்போதே கொப்பியில் நிரம்பிவிட்டன. பாலைப்பழம் அங்கே எந்த மாதம் வரும், வாகரையில் யானை வேலி வேலை செய்கிறதா, காட்டுக்குப் போனால் அப்பாவை யார் பிடிப்பார்கள், வனத் திணைக்களமா வனஜீவராசியா, தேன் எடுக்க அங்கேயும் பெர்மிற் கேட்கிறார்களா, கேட்டால் எந்தக் கந்தோருக்குப் போகவேண்டும்.